ஒச்சம்மா விட்டுவைக்காத கீரை

அந்தமானில், கராச்சர்மாவில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்து ஒன்று உண்டு. அந்தச் சந்தில் புல் பூண்டு எதையும் பார்க்க முடியாது. தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள், இந்த ஊரில் குப்பை வண்டிக்காரர்கள் இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறார்களா என்று வியந்துபோவார்கள். அவர்கள் எங்கே செய்தார்கள், கண்ணுகளா. எல்லாம் ஒச்சம்மாவின் கை செய்த வேலை.

ஒச்சம்மா பிறந்தது இலங்கை மலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில். இடுப்பில் உட்காரும் வயதில் கப்பலேறி வந்தவள், கச்சால் தீவின் ரப்பர்க் காட்டில் வளர்ந்து, அங்கேயே கூலிக்கும் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்தது களை பறிக்கும் வேலை. ரப்பர் மரத்தடியில் ஒரு பச்சை தலைகாட்டினாலும் மேஸ்திரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மற்றப் பெண்கள் முன்னால் நிறுத்திக் கேட்பார். அந்த வெட்கத்துக்குப் பயந்து பயந்தே அவள் கை பழகிவிட்டது. சுனாமியில் கடல் பொங்கி வந்த பிறகு கச்சாலை விட்டு, புருஷன் அழகையாவோடு இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டாள். அவள் வேலையை விட்டுவிட்டாள், வேலை அவளை விடவில்லை. சந்தில் நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள், நடுவில் ஒருதரம் குனிவாள், நிமிரும்போது கையில் ஒரு செடி வேரோடு தொங்கும். பேச்சு மட்டும் நிற்காது.

யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்தத் தீவில் பூரானுக்குப் பயப்படாத வீடு ஏது? கன்கஜூரா என்று இந்திக்காரர்கள் சொல்வார்களே, விரல் தடிமனில் ஒரு சாண் நீளத்துக்கு ஓடுமே, அதுதான். செடி மண்டினால் அது வரும் என்று பயம். அதனால் ஒச்சம்மா வந்து கொல்லையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஒருத்தியைத் தவிர. அவள் மொண்டல் வீட்டு மாஷி, வங்காளத்து அம்மாள். சந்தின் கடைசி வீடு. ஒச்சம்மா படலைத் திறந்தாலே கைத்தடியைத் தூக்கிக்கொண்டு, "ஹாத் மத் லகானா" என்பாள். கை வைக்காதே என்று அர்த்தம். பூரானுக்குப் பிரியமான வீடு என்று ஒச்சம்மா அந்தக் கொல்லைக்குப் பேர் வைத்திருந்தாள். சந்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒச்சம்மாவுக்குப் பக்கத்து வீடு சேக் தாவூத் பாய் வீடு. ஜங்லிகாட் கடைத்தெருவில் கயிறு, வாளி, பிளாஸ்டிக் குழாய் விற்கும் சின்னக் கடை அவருக்கு. மனைவி சபீஹா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர். அந்தச் சுவர்மேல் கிண்ணங்கள் போகும், வரும். சபீஹா கொடுப்பதில் ஒச்சம்மாவுக்கு மிகவும் பிடித்தது கீரை ஆணம். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பாகக் காய்ச்சுவாள். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமாகிக் கடைத்தெருவில் காய்கறி கண்ணில் படாத வாரத்திலும் சபீஹா வீட்டில் அந்தக் கீரை மட்டும் இருக்கும். எங்கே வாங்கினாய் என்று கேட்டால், மார்க்கெட்டில் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவள் கொல்லைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், ஒச்சம்மா அதற்குள் போனதில்லை.

போன மழைக்காலத்தின் கடைசியில் தாவூத் பாய்க்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சென்னையில் மகள் வீட்டில் தங்கி அறுவை செய்துகொள்வது என்று முடிவாயிற்று. சபீஹா சாவியை ஒச்சம்மாவிடம் கொடுத்து, குழாயில் தண்ணீர் விடும் நாளில் தொட்டியை மட்டும் நிரப்பிவைக்கச் சொன்னாள். கொல்லையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மாதங்கள் போயின. மாசி பிறந்தபோது, அவர்கள் சீக்கிரம் திரும்பி வருவார்கள் என்று செய்தி வந்தது. ஒச்சம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியை நிரப்பப் போனவள் கொல்லைக் கதவையும் திறந்து பார்த்தாள். துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, சுவரோரம், தொட்டி கசியும் இடம் எல்லாம் ஒரே பச்சை. குப்பைக்கீரை முழங்கால் உயரம். அதன் காலடியில் பருப்புக்கீரை மெத்தையாகப் படர்ந்து கிடந்தது. மூக்கிரட்டை சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தது. தண்ணீர்ப் பக்கம் பொன்னாங்கண்ணி. அறுவை முடிந்து பிழைத்து வருகிற மனிதன் நடமாடும் வீட்டில் இப்படியா காடு மண்டுவது, பூரான் கடித்தால் அந்த உடம்பு தாங்குமா என்று பதறிப்போனாள்.

அந்தச் செடிகளை அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். கச்சாலில் அரிசி தீர்ந்த நாட்களில் அவள் அம்மா இதையெல்லாம்தான் வதக்கிப் போட்டாள். ஆனால் ஒச்சம்மாவுக்கு அது பசியின் சாப்பாடு. கடை வைத்திருக்கிற குடும்பம் அதைத் தின்னும் என்று அவள் எப்படி நினைப்பாள்?

காலையில் குனிந்தவள் வெயில் ஏறியபின்தான் நிமிர்ந்தாள். ஒரு வேர் மிச்சமில்லை. பறித்ததை எல்லாம் வேர் மேலே பார்க்கக் காயப்போட்டு, காய்ந்ததும் அழகையாவை விட்டுக் கொளுத்தவும் செய்தாள். பிறகு தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அழகு பார்த்தாள். சபீஹா வந்து பார்த்தால் வாயடைத்துப்போவாள் என்று அழகையாவிடம் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

சாம்பல் ஆறுவதற்குள் சபீஹாவிடமிருந்து போன் வந்தது. ஒச்சம்மா அந்தக் கொல்லையிலேயே நின்றுகொண்டுதான் எடுத்தாள்.

சபீஹாவின் குரலே சரியில்லை. அறுவை நன்றாகத்தான் முடிந்தது, ஆனால் அதற்குப்பின் கொடுத்த மருந்தில் அவருக்கு நாக்கு செத்துவிட்டது என்றாள். உப்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை. எதை வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுகிறார். மகள் அழுகிறாள். ஊருக்குப் போய் அங்கேயாவது சாப்பிடட்டும், சாப்பிடவில்லை என்றால் திரும்பக் கூட்டிவந்து மூக்கில் குழாய் போடத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார்.

"அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு அக்கா," என்றாள் சபீஹா. "நம்ம கொல்லைக் கீரை. அதைப் போட்டு ஆணம் காய்ச்சிக் குடு, தின்னுடுறேங்குறாரு. உங்ககிட்ட சொல்ல வெக்கம். மார்க்கெட்டுன்னு சொல்லி உங்களுக்குக் குடுத்ததெல்லாம் அந்தக் களைதான். கடைக்காரன் பொண்டாட்டி களையைத் திங்குறான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு மறைச்சேன்."

ஒச்சம்மா கூட்டிவைத்த தரையைப் பார்த்தாள். என்ன சொன்னாள் என்கிறீர்கள்? சரி தங்கச்சி, வாங்க என்று மட்டும் சொன்னாள்.

இன்னும் சில நாளில் விமானம். கொல்லைக்குத் தண்ணீர் ஊற்றி, ஏதாவது முளைக்குமா என்று காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தாள். ஊசிமுனை மாதிரி சில இருந்தன. அதைக் கிள்ளினால் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. அழகையா திண்டாடிப்போனார். ராத்திரி தூங்காமல் பெருமூச்சு விடுகிறவளோடு எத்தனை நாள் குடித்தனம் செய்ய முடியும்? அவரும் யோசித்து ஒரு வழி சொன்னார்.

"ஏ புள்ள, ருசியே தெரியாத மனுசனுக்கு எந்தக் கீரையா இருந்தா என்னா? ஜங்லிகாட்டுல கட்டுக் கட்டா கெடக்கு. வாங்கியாந்து காய்ச்சிக் குடு. யாருக்குத் தெரியப் போவுது?"

சொன்னதில் நியாயம் இருந்த மாதிரித்தான் இருந்தது. பஸ் பிடித்து ஜங்லிகாட்டுக்குப் போனாள். தண்டங்கீரை நல்ல செழிப்பாக, தண்ணீர் தெளித்து அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டைக் கையில் எடுத்தாள். எதிரே தாவூத் பாயின் கடை, ஷட்டர் இழுத்து மூடியிருந்தது. கீரையைத் திரும்ப வைத்துவிட்டாள். கடைக்காரன் எரிச்சலாக ஏதோ முணுமுணுத்தான். ருசி தெரியாது என்பதற்காக ஒருவரை ஏமாற்றினால், கண் தெரியாதவர் தட்டில் குறைத்துப் போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டுக்குத் திரும்பிச் சந்தில் ஏறியபோது தேட ஆரம்பித்தாள். வலதுபக்கம் தெலுங்கு வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாள், சுத்தம். அடுத்தது மலையாளத்தார் வீடு, அதுவும் சுத்தம். ஒவ்வொரு வீட்டிலும், போன வாரம்தானே அக்கா நீங்க வந்து எல்லாம் எடுத்துட்டுப் போனீங்க என்று நன்றியோடு வேறு சொன்னார்கள். சாக்கடை ஓரம் கொஞ்சம் இருந்தது. அது நோயாளிக்கு ஆகாது. அவள் ஆயுசு முழுக்க எதை ஒழித்துக்கட்டினாளோ அதில் ஒரு கைப்பிடிக்காக இப்போது வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

மிச்சம் இருந்தது மாஷி வீடு ஒன்றுதான்.

மாஷி வாசலில் சூடு ஆறிய தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மாவைக் கண்டதும் கை தானாகத் தடிக்குப் போயிற்று.

"க்யா ஹுவா, என்ன ஆச்சு? இன்னிக்கு என்ன புடுங்க வந்தே?"

"புடுங்க வரல மாஷி. கேக்க வந்தேன்."

மாஷிக்கு முதலில் புரியவில்லை. ஒச்சம்மா படலுக்கு வெளியிலேயே நின்று, கொல்லையைச் சுத்தம் செய்தது, கொளுத்தியது, போன் வந்தது எல்லாவற்றையும் தெரிந்த இந்தியில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னாள். கேட்டு முடித்ததும் மாஷி சிரித்தாள். தேநீர் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். ஒச்சம்மா தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டாள். சிரித்து முடித்த மாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தானே போய்ப் படலைத் திறந்துவிட்டாள்.

உள்ளே என்ன ஒரு காடு என்கிறீர்கள். எல்லாம் இருந்தது. ஒச்சம்மா ஆசையாகக் குனிந்து ஒரு பருப்புக்கீரையைப் பிடித்தாள், அது வேரும் மண்ணுமாக வந்துவிட்டது. மாஷி அவள் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள். பிறகு தன் இரண்டு நகங்களால் ஒரு நுனியைக் கிள்ளிக் காட்டினாள். இவ்வளவுதான் எடு, மீதி நாளைக்கு என்று. ஒச்சம்மா கிள்ளப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை, இழுத்தது. மறுபடி ஓர் அடி. அந்த மாலை இரண்டு கிழவிகளும் குந்தி உட்கார்ந்து, ஒருத்தி கிள்ள, ஒருத்தி அடிக்க, முறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீரை சேர்ந்தது.

முறம் நிறைந்ததும் மாஷி ஒரு மூலைக்குப் போய், தரையோடு தரையாகப் படர்ந்த ஒரு பொடி இலைச் செடியைக் கிள்ளிவந்து மேலே போட்டாள். கிமா சாக் என்றாள், சாக் என்றால் கீரை. ஒச்சம்மா ஓர் இலையைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். வேப்பிலையின் தங்கை மாதிரி கசந்தது. நோயாளிக்கு இது வேண்டாம் மாஷி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாஷி அசையவில்லை. பாகுன் மாதத்தில், நமக்கு மாசி பங்குனி, கசப்புத் தின்னாமல் இருக்கக் கூடாது, அவள் அம்மா வீட்டில் முதல் கவளமே இதுதான் என்றாள்.

"தீதா, இந்தக் கசப்பு, போடலன்னா முறத்தை வச்சுட்டுப் போ," என்றாள் கடைசியாக.

சந்தில் இறங்கி வரும்போது அந்தக் கசப்பை எடுத்து வீசிவிடலாம் என்று ஒச்சம்மாவுக்குத் தோன்றாமல் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்து கண்ட பலன் போதும் என்று நினைத்தாள். கொடுத்தவள் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போட்டுவிட்டு, போட்டதைச் சபீஹாவிடம் சொல்லிவிடுவோம். அவ்வளவுதான்.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றது. தாவூத் பாயைச் சபீஹாவும் அழகையாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இருந்தாலும் ஒச்சம்மாவைப் பார்த்ததும் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துச் சிரித்தார். கட்டிலில் சாய்ந்தவர் சொன்ன முதல் வார்த்தை கீரை. சபீஹா துப்பட்டாவை இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். ஒச்சம்மா பின்னாலேயே போனாள்.

கதவைத் திறந்த சபீஹா அப்படியே நின்றாள். பிறகு துவைக்கிற கல்லின்மேல் போய் உட்கார்ந்தாள். தட்டு மடியில் கிடந்தது.

"நான்தான் தங்கச்சி," என்றாள் ஒச்சம்மா. "பூரான் வந்துரும்னு பயந்துட்டேன். போன்லயே சொல்லியிருக்கணும். வாய் வரல."

சபீஹா ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அதுதான் ஒச்சம்மாவால் தாங்க முடியாமல் இருந்தது. மேஸ்திரி எவ்வளவோ பேசியிருக்கிறார், இந்தச் சும்மா இருப்பதற்கு அதெல்லாம் எவ்வளவோ தேவலை. மாஷி வீட்டில் கீரை வாங்கியதையும், விடியற்காலையில் எழுந்து ஆணம் காய்ச்சியதையும், அதில் கசப்பு இலை சேர்ந்திருப்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றால் ஊற்றிவிடலாம் என்றாள்.

"உங்க கையக் கட்டிப் போட்டுட்டுத்தான் நான் ஊருக்குப் போயிருக்கணும்," என்றாள் சபீஹா. பிறகு எழுந்து, "எடுத்துட்டு வாங்க," என்றாள்.

சோற்றைக் குழைய மசித்து, ஆணத்தை ஊற்றிக் கிண்ணத்தில் கொண்டுபோனாள் சபீஹா. ஒச்சம்மா அறைக்கு வெளியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாவூத் பாய் முதல் கரண்டியை வாயில் வாங்கினார். மென்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். மனைவிக்காக விழுங்குகிறார் என்று இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது. இரண்டாவது கரண்டியும் அப்படியே போயிற்று. மூன்றாவதுக்கு, வேண்டாம் என்று கையை உயர்த்தினார்.

சபீஹா கரண்டியை இறக்கவில்லை. இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று கெஞ்சினாள். சலிப்போடு வாயைத் திறந்தார். மென்றவர் பாதியில் நிறுத்தினார். புருவம் சுருங்கியது. நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னடி இது, கசக்குது?"

சபீஹா அவர் முகத்தையே பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன். நம்ம கீரையில ஏது கசப்பு? எவன் தலையிலயோ கட்ட வேண்டியதைக் கொண்டாந்து எனக்குக் காய்ச்சியிருக்கே."

"கசக்குதாங்க?" என்று கேட்டாள் சபீஹா. "நெசமா கசக்குதா?"

"கசக்காம? வாயெல்லாம் கசப்பா ஒட்டுது."

வெளியே நின்ற ஒச்சம்மா நிலையோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே சபீஹாவும் அழுதாள். இரண்டு பெண்கள் எதற்கு அழுகிறார்கள் என்று தாவூத் பாய் விழித்தார். பிறகுதான் அவருக்கும் பிடிபட்டது. கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் மிஞ்சியிருந்ததை நிதானமாக, ஒரு மிட்டாயைப் போல இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார்.

"அதுக்கடியில பூண்டு தெரியிற மாதிரி இருக்கு," என்றார் சந்தேகமாக. பிறகு, "தெரியுதா, இல்ல தெரியணும்னு நெனைக்கிறேனான்னு தெரியல," என்றார்.

சபீஹா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, கரண்டியைத் தாமே வாங்கிக்கொண்டார். பாதி சோறு போர்வையில் விழுந்தது. யாரும் துடைக்கப் போகவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார். "கசப்பெல்லாம் அடியில தங்கிடும். நல்லாக் கலக்கிட்டு ஊத்து."